‘ஸ்டெடி ரெயின்’ நிலையான மழையா?

ஆங்கிலத்தில் வரும் ‘ஸ்டெடி ரெயின்’ என்பதை “நிலையான மழை” என்று மொழிபெயர்த்தேன், ஆசிரியர் சுழித்துவிட்டார், என்ன எழுதுவது என்று கேட்டிருக்கிறீர்கள். “விடாத மழை” என்று எழுதுங்கள். “நிலையான மழை” என்று தமிழில் யாரும் சொல்வதில்லை. உங்கள் ஆசிரியர் அதைச் சுழித்தது சரிதான்.

அகராதியில் முதலில் இருந்த பொருளை அப்படியே எடுத்திருப்பீர்கள். நிலையானது என்றால் இருந்தபடியே இருப்பது. ஸ்டெடி அதையும் குறிக்கும், ஒரே சீராக நடந்துகொண்டே இருப்பதையும் குறிக்கும். மழை இரண்டாவது வகை.

ஒன்று செய்து பாருங்கள். அந்த ஸ்டெடி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று கேளுங்கள். ஏணி ஆடும், ஆகவே ஆடாத ஏணி. ஊசியில் நூல் கோக்கும் கை நடுங்கும்; ஆகவே நடுங்காத கை. மழை விட்டு விட்டுப் பெய்யும். ஆகவே விடாத மழை. ஆங்கிலம் ஒரே சொல்லில் கடந்துபோவதைத் தமிழ் ஆடாத, விடாத போன்ற எதிர்மறைப் பெயரெச்சத்தால் இப்படிப் பிரித்துக் காட்டுவது எனக்கு மிகவும் பிடிக்கும். ஸ்டெடி குரோத் என்று வளர்ச்சியைச் சொல்லும்போது மட்டும் இந்த வழி இழுவை; “சீரான வளர்ச்சி” போதும்.

வேலை விஷயத்தில் மட்டும் கவனம். ஸ்டெடி ஜாப் நிரந்தர வேலை ஆகிவிடாது. நிரந்தரம் பெர்மனென்டுக்கு உரியது. “தடையில்லாமல் வருமானம் தரும் வேலை” என்று விரித்தே எழுதுங்கள். மருத்துவமனை அறிக்கையில் வரும் ஸ்டேபிளையும் இதோடு சேர்க்காதீர்கள். உடல்நிலை மோசமாகவில்லை என்றுதான் அதற்குப் பொருள், குணமாகிவிட்டது என்று அல்ல.