கை வறண்ட சுற்று

அன்புள்ள ஆசிரியருக்கு,

முதன்முறையாக டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று, பகடை உருட்டி ஆடும் கதை விளையாட்டு) விளையாட உட்காருகிறோம். ஐந்தாம் பதிப்பு, 2014 விதிப்புத்தகம். கிளாஸ்களில், அதாவது பாத்திரத்தின் தொழில்வகைகளில், எனக்கு விசார்ட் (மந்திரவாதி) மீது ஆசை. குழுவில் ஃபைட்டர் (போர்வீரர்), ரோக் (பதுங்கித் தாக்குபவர்), ரேஞ்சர் (காட்டு வேட்டைக்காரர்) இருக்கிறார்கள். "ஹீல் பண்ண (காயம் ஆற்ற) ஆள் இல்லை, நீ கிளெரிக் (பூசாரி) எடு" என்கிறார்கள். இணையத்தில் உள்ள தரவரிசைகளைப் படித்து இருபதாம் லெவல் வரை திட்டம் போட்டிருக்கிறேன். அதில் இரண்டு லெவல் ஃபைட்டரும் உண்டு. எந்த இனம் நல்லது? என் பாத்திரம், ஊரை இழந்த ஒரு நூலகரின் மகள். அவளுக்கு எந்த கிளாஸ் பொருந்தும்?

க.

அன்புள்ள க.,

நூலகரின் மகள் என்றதும் விசார்ட் என்று நீங்களே முடிவு கட்டிவிட்டீர்கள். அவள் ரோக்காகவும் இருக்கலாம், பூட்டிய அலமாரிகளைத் திறந்து திறந்தே படித்தவள். அறிவுத் தெய்வத்தின் கோயிலில் ஏடு அடுக்கிய கிளெரிக்காகவும் இருக்கலாம். எந்தக் கதையையும் எந்த கிளாஸுக்கும் தைத்துவிடலாம். அந்தப் பெண்ணை எனக்குப் பிடித்திருக்கிறது, அவளை விட்டுவிடாதீர்கள்.

இனம்? பிடித்ததை எடுங்கள், முதன்மைப் பண்பு 16 வந்தால் போதும். இருபதாம் லெவல் திட்டத்தைக் கிழித்துப் போடுங்கள். இரண்டு லெவல் ஃபைட்டர் கலந்தால் ஐந்தாம் லெவலில் வரவேண்டிய ஃபயர்பால் என்ற நெருப்பு மந்திரம் ஏழாம் லெவலில்தான் வரும். இன்னும் ஒரு காப்ளினை, அந்தக் குட்டி அரக்கனைக்கூட அடிக்காதவருக்கு எதற்கு இந்தக் கணக்கெல்லாம்?

தரவரிசை எழுதுகிறவர்கள் ஒவ்வொரு கிளாஸின் மிகச் சிறந்த சுற்றை (சண்டையில் எல்லோருக்கும் ஒரு முறை வந்துபோவது ஒரு சுற்று) வைத்து மதிப்பெண் போடுகிறார்கள். சில நாட்களாக என் மனதில் ஓடிக்கொண்டிருப்பது அதற்கு நேர் எதிரானது: எல்லாம் தீர்ந்துபோன சுற்றில் அந்த கிளாஸ் என்ன செய்யும்?

முதல் லெவல் விசார்டிடம் இரண்டு ஸ்பெல் ஸ்லாட், அதாவது பெரிய மந்திரம் போட இரண்டு வாய்ப்பு. நடுவில் ஒரு மணி நேர ஓய்வு கிடைத்தால் ஆர்கேன் ரெக்கவரி என்ற திறன் இன்னொன்றைத் திருப்பித் தரும். ஆக மூன்று. ஒரு நாளில் இரண்டு சண்டை, சண்டைக்கு நான்கு சுற்று என்று வையுங்கள். எட்டு முறை உங்கள் முறை வரும். மூன்றில் நீங்கள் ராணி. அதிலும் ஸ்லீப் (தூங்கவைக்கும் மந்திரம்) போட்டால் கேட்கவே வேண்டாம். ஐந்து எண்முகப் பகடை, சராசரி 22.5; அத்தனை ஹெச்பி (உயிர்ப்புள்ளி) வரை தூங்கிவிடும். காப்ளினுக்கு ஹெச்பி 7. ஒரே ஸ்பெல்லில் மூன்று காப்ளின் சாய்ந்துவிடும். (ஹெச்பி குறைந்தவரிலிருந்துதான் அது எண்ணத் தொடங்கும். நீங்கள் குறித்த புள்ளியிலிருந்து 20 அடிக்குள் அடிபட்ட உங்கள் ரோக் நின்றால், முதலில் குறட்டை விடுவது அவர்தான்.)

மிச்சம் ஐந்து முறை? ஸ்லாட் செலவில்லாத ஃபயர் போல்ட். பத்துமுகப் பகடை ஒன்று. அதோடு பண்பின் மதிப்பைக் கூட்டக்கூடாது. காப்ளினின் ஏசி (அடிபட எட்டவேண்டிய எண்) 15, உங்கள் உருட்டலுக்கு +5, அதாவது இருபதுமுகப் பகடையில் 10 அல்லது அதற்கு மேல் விழவேண்டும். கிட்டத்தட்ட பாதி தவறும். தவறுவதையும் சேர்த்துக் கணக்கிட்டால் ஒரு முறைக்கு மூன்று புள்ளிக்குச் சற்று மேல். ரோக்கின் சின்ன வில்லுக்கு ஸ்னீக் அட்டாக்கும் (பதுங்கி அடிக்கும் கூடுதல் அடி) சேர்ந்தால் அதே காப்ளின் மேல் ஏறக்குறைய ஆறு. அதுவும் அவருக்குத் தீர்ந்துபோவது என்பதே கிடையாது. பாதி நேரம் ரோக்கில் பாதியாக உட்கார்ந்திருக்க உங்களால் முடியுமா? விசார்ட் எடுத்துவிட்டு மூன்றாவது வாரம் முகம் தொங்கப்போட்டுக் கொள்கிறவர்கள் எல்லோரும் இந்த இடத்தில்தான் விழுகிறார்கள். கிளாஸில் குறையில்லை, வறண்ட கையை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று யாரும் சொல்லித்தரவில்லை.

முதல் லெவலின் ஆறு ஸ்பெல்லில் ஒன்றாக ஃபைண்ட் ஃபெமிலியர் (துணைப்பிராணியை வரவழைக்கும் மந்திரம்) எழுதுங்கள். அதை ரிச்சுவலாக, நிதானமான சடங்காகச் செய்தால் ஸ்லாட் செலவில்லை. ஒரு மணி பத்து நிமிடமும், எரிப்பதற்கு 10 தங்கத்துக்குக் கரியும் தூபமும் மூலிகையும் வேண்டும். வடிவம் ஆந்தையாக இருக்கட்டும். அதனால் அடிக்க முடியாது, ஆனால் உதவமுடியும். எதிரியின் ஐந்தடிக்குள் பறந்துபோய், ஹெல்ப் செய்துவிட்டு, அடி வாங்காமல் திரும்பிவிடும்; ஃப்ளைபை இருப்பதால் விலகும்போது யாரும் அதை இலவசமாக வெட்ட முடியாது. அடுத்து அடிக்கிற ரோக் இரண்டு இருபதுமுகப் பகடை உருட்டிப் பெரியதை எடுப்பார். 55 சதவீதம் ஏறக்குறைய 80 ஆகும். அவர் தனியாக நின்றாலும் ஸ்னீக் அட்டாக் கிடைக்கும். அந்த அடியில் பாதி உங்களுடையது. மேஜையில் யாரும் அதை ஒப்புக்கொள்ளமாட்டார்கள். ஆந்தைக்கு ஹெச்பி 1தான். டிஎம் (ஆட்டத்தை நடத்துபவர்) அதன்மேல் ஒரு அம்பு விட்டால் மறுபடியும் 10 தங்கம்.

உங்கள் நண்பர்களிடம் எனக்குக் கொஞ்சம் கோபம். கிளெரிக்கை மருந்துப்பெட்டி என்று நினைக்கிறார்கள். 1974இல் வந்த முதல் பதிப்பில் மூன்றே கிளாஸ், அதில் கிளெரிக் ஒன்று. முதல் லெவல் கிளெரிக்குக்கு அதில் ஒரு ஸ்பெல்கூடக் கிடையாது. உங்கள் 2014 புத்தகத்திலும் ஹீலிங் வேர்ட் என்ற காயம் ஆற்றும் மந்திரம் தருவது ஒரு நான்முகப் பகடையும் பண்பின் மதிப்பான மூன்றும், சராசரி 5.5. காப்ளினின் ஒரு அம்பு ஆறுமுகப் பகடையும் இரண்டும், அதன் சராசரியும் 5.5. இருக்கும் இரண்டு ஸ்லாட்டில் ஒன்றைக் கொடுத்து ஒரே ஒரு அம்பை அழிக்கிறீர்கள். காப்ளின் அடுத்த அம்பை எடுத்துவிடும். பூஜ்யத்தில் விழுந்தவரை எழுப்பத்தான் அது, கீறலுக்குத் தடவ அல்ல. அதே ஸ்லாட்டில் பிளெஸ் (ஆசி மந்திரம்) போட்டால் மூன்று பேரின் ஒவ்வொரு தாக்குதல் உருட்டலோடும் ஒரு நான்முகப் பகடை கூடும், பத்து சுற்று வரை. அடி வாங்கினால் கவனம் சிதறி மந்திரம் கலையலாம்: கான்ஸ்டிடியூஷன் (உடல் உறுதி) 14 என்றால் பகடையில் 8 அல்லது அதற்கு மேல் வேண்டும், மூன்றில் ஒரு அடிக்குக் கலையும். ஆகவே பிளெஸ் போட்ட கிளெரிக் முன்வரிசையில் போய் நெஞ்சு நிமிர்த்தக்கூடாது. கிளெரிக் எடுப்பதானால் இதற்காக எடுங்கள், அவர்கள் கேட்ட காரணத்துக்காக வேண்டாம்.

அவர்கள் கேட்டது ஏற்கெனவே குழுவிலேயே இருக்கிறது. ஃபைட்டருக்கு செகண்ட் விண்ட் (தன் காயத்தைத் தானே ஆற்றும் திறன்) உண்டு, ஒவ்வொரு ஓய்வுக்கும் திரும்பும். ரேஞ்சர் இரண்டாம் லெவலில் கியூர் வூண்ட்ஸ் என்ற காயம் ஆற்றும் மந்திரம் எடுக்கலாம். ஹீலர்ஸ் கிட் 5 தங்கம், பத்து முறை வரும். பூஜ்யத்தில் கிடப்பவரைப் பகடை உருட்டாமல் சாகாமல் நிறுத்தும்.

உங்கள் நூலகரின் மகளுக்கு சேஜ் (அறிஞர்) பின்னணி எடுத்தால் பையில் 10 தங்கம் இருக்கும். அது ஆந்தைக்கே சரியாகிவிடும். கிட்டை ஃபைட்டரை வாங்கச் சொல்லுங்கள்.