'ஏவி1 உண்டு' என்றால் எதற்கு உண்டு?

கேள்வி: எங்கள் ஹட்டியில் (படகர் ஊரில்) நடக்கும் ஹெத்தையம்மன் பண்டிகையை ஆண்டுதோறும் யூடியூபில் நேரலையாகக் காட்டுகிறேன். பெங்களூரிலும் வெளிநாட்டிலும் இருக்கும் உறவினர்கள் அதற்காகவே காத்திருப்பார்கள். இங்கே அப்லோடு வேகம் 5 அல்லது 6 எம்பிபிஎஸ்தான். ஆட்டம் தொடங்கியதும் படம் கட்டம் கட்டமாக உடைந்துவிடுகிறது. வீடியோவைச் சுருக்கும் புதிய முறையான ஏவி1-இல் அனுப்பினால் இந்த வேகமே போதும் என்று சொல்லி, கோவையில் ஒரு கடையில் என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 3050 கிராபிக்ஸ் கார்டைக் கொடுத்தார்கள். விலைப்பட்டியலிலும் 'ஏவி1 உண்டு' என்று இருந்தது. நேரலைக்கான ஓபிஎஸ் மென்பொருளில் ஏவி1-ஐத் தேர்ந்தெடுத்தால் சிபியு நூறு சதவீதத்தைத் தொட்டு, படம் நின்று நின்று நகர்கிறது. கார்டு பழுதா, நான் ஏமாந்துவிட்டேனா?
– வாசகர், கோத்தகிரி

பதில்: கார்டு பழுதில்லை. கடைக்காரர் சொன்னது பாதி உண்மை. அந்த மீதிப் பாதிக்குத்தான் நீங்கள் பணம் கொடுத்திருக்கிறீர்கள்.

உங்கள் ஊர்க்காரருக்கு இதைத் தேயிலையை வைத்தே சொல்லிவிடலாம். பச்சை இலையை வாட்டி, உருட்டி, உலர்த்தித் தூளாக்குவது தொழிற்சாலை. அந்தத் தூளைக் கொதிநீரில் போட்டு இறக்குவது வீட்டு அடுப்பு. வீடியோவைச் சுருக்கி அனுப்பும் என்கோடிங் தொழிற்சாலை வேலை. வந்ததை விரித்துக் காட்டும் டீகோடிங் அடுப்பு வேலை. 2020-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 30 வரிசைக்கு ஏவி1-ஐ விரிக்கத் தெரியும், சுருக்கத் தெரியாது. என்விடியா கார்டுகளில் ஏவி1 என்கோடிங் 2022-இல் வந்த 40 வரிசையில்தான் தொடங்கியது. அதே 2022-இல் இன்டெலின் ஆர்க் கார்டுகளும், ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 7000 வரிசையும் அந்த வசதியோடு வந்தன. 'ஏவி1 உண்டு' என்ற ஒரே சொல் இரண்டு வேலைக்கும் ஓடுவதால், விற்பவருக்கு அது வசதியான சொல்லாகிவிட்டது.

பிறகு ஓபிஎஸ்-இல் ஏவி1 எப்படித் தெரிந்தது என்று கேட்பீர்கள். பட்டியலை மறுபடி பாருங்கள். 'எஸ்விடி', 'ஏஓஎம்' என்ற பெயர்களோடு நிற்கும் ஏவி1 வரிகள் சிபியுவை வைத்து வேலை செய்பவை. கார்டை அவை தொடுவதே இல்லை. கார்டு செய்யும் வேலைக்கு 'என்விஎன்க்' என்ற அடையாளம் இருக்கும். உங்கள் கார்டில் என்விஎன்க் என்ற பெயரோடு எச்.264, ஹெச்இவிசி என்கிற எச்.265 ஆகிய பழைய சுருக்கும் முறைகள் இருக்கும், ஏவி1 இராது. சிபியு திணறியதற்குக் காரணம் இதுதான்.

இனி நல்ல செய்தி. கார்டைத் திருப்பிக் கொடுக்க மேட்டுப்பாளையம் வழியாக இறங்கி ஏறி ஒரு நாளை வீணாக்க வேண்டாம். 2023 மே மாதம் வந்த ஓபிஎஸ் 29.1 பதிப்பிலிருந்து யூடியூபுக்கு ஏவி1-ஐ மட்டுமல்ல, ஹெச்இவிசியையும் நேரலையாக அனுப்பலாம். உங்கள் கார்டு ஹெச்இவிசியை நன்றாகவே சுருக்கும். எச்.264 வெளிவந்தது 2003-இல், எச்.265 வந்தது 2013-இல். பாதி பிட்ரேட்டில் (நொடிக்கு அனுப்பும் தரவின் அளவில்) அதே தரம் என்பது எச்.265-ஐ உருவாக்கியவர்கள் வைத்த குறி. நேரலையில் கார்டு வழியாக அந்த அளவு லாபம் கிடைக்காது. ஆனால் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். பார்ப்பவர்களிடம் பழைய போன் இருந்தாலும் கவலை இல்லை. நீங்கள் எதில் அனுப்பினாலும் யூடியூப் அதைத் தானே மறுபடி சுருக்கித்தான் ஒவ்வொருவருக்கும் கொடுக்கிறது. வேறு தளத்துக்கு அனுப்புவதானால் மட்டும் அது எந்தக் கோடெக்கை, அதாவது எந்தச் சுருக்கும் முறையை, ஏற்கிறது என்று முன்னதாகப் பார்த்துக்கொள்ளுங்கள். பல தளங்கள் இன்னும் எச்.264-ஐத்தான் எதிர்பார்க்கின்றன.

அமைப்பு இப்படி இருக்கட்டும்: படம் 720பி, நொடிக்கு 30 பிரேம், மாறாத பிட்ரேட் 3,500 கேபிபிஎஸ், கீபிரேம் (முழுதாக அனுப்பப்படும் படம்) இரண்டு நொடிக்கு ஒன்று. அப்லோடு வேகத்தை வீட்டில் உட்கார்ந்து அளக்காதீர்கள். பண்டிகை நடக்கும் இடத்திலேயே, கூட்டம் சேர்ந்த பிறகு அளந்து, வந்த எண்ணில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் போகாதீர்கள். ஆயிரம் பேர் ஒரே டவரில் போனைத் தட்டும் நேரத்து வேகம்தான் உண்மையான வேகம்.

கேமராவை வைக்கும் இடத்தையும் சொல்ல வேண்டும். எந்தக் கோடெக்கானாலும் ஒரு பிரேமுக்கும் அடுத்ததற்கும் உள்ள வேறுபாட்டைத்தான் பெரும்பாலும் அனுப்புகிறது. பின்னணியில் தேயிலைத் தோட்டம் காற்றில் அசைந்தால் லட்சம் இலையும் வேறுபாடுதான். தூறலும் அப்படியே. வெளிச்சம் மங்கியதும் படத்தில் வரும் புள்ளிகளைக்கூடக் கோடெக் அசைவு என்றே எடுத்துக்கொள்ளும். கோயில் சுவரோ வானமோ பின்னால் வரும்படி கேமராவை முக்காலியில் நிறுத்தி, அடிக்கடி திருப்பாமல் இருந்தால், வெள்ளை உடையில் ஆடுபவர்களுக்கே முழு பிட்ரேட்டும் கிடைக்கும். செலவில்லாமல் கிடைக்கும் இந்தத் தெளிவை எந்தக் கடையிலும் விற்பதில்லை.

அப்படியும் ஏவி1-தான் வேண்டும் என்றால், ஆர்க் ஏ380 போன்ற சிறிய கார்டை இரண்டாவதாகப் போட்டு என்கோடிங்கை மட்டும் அதனிடம் விடலாம். என்னைக் கேட்டால் அந்தப் பணத்தில் நல்ல மைக் வாங்குங்கள். படம் கலங்கினால் உறவினர்கள் பொறுப்பார்கள்; பாட்டுக் கேட்காவிட்டால் போனில் கூப்பிட்டுத் திட்டுவார்கள்.

கடைக்காரர்மீது புகார் கொடுக்கலாமா என்றும் நினைத்திருப்பீர்கள். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பொருள் வாங்கிய ஊரில்தான் வழக்குப் போட வேண்டும் என்பதில்லை. நீங்கள் வசிக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே போடலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணமும் இல்லை. முதல் படியாக 1915 என்ற உதவி எண் இருக்கிறது. ஆனால் 'ஏவி1 உண்டு' என்பது எழுத்தளவில் பொய்யில்லை. நேரலைக்கு ஆகும் என்று அவர் வாயால் சொன்னதற்கு உங்களிடம் சான்று இல்லை. அடுத்த முறை வாட்ஸ்அப்பில் ஒரு வரி கேளுங்கள்: 'இது ஏவி1 என்கோடிங் செய்யுமா?' பதில் வந்த பிறகு பணம் கொடுங்கள்.

கேள்வி: குன்னூரில் திருமணங்களுக்கு வீடியோ எடுக்கிறேன். புதிய கேமராவில் 10 பிட், 4:2:2 எச்.265-இல் பதிவாகிறது. எடிட்டிங்கில் ஓட்டினால் குதித்துக் குதித்துப் போகிறது. ஆர்டிஎக்ஸ் 4060 வாங்கினால் சரியாகுமா?

பதில்: ஆகாது. 4:2:2 என்பது நிற விவரம் கூடுதலாக உள்ள வடிவம். என்விடியா கார்டுகளில் 2025-இல் வந்த 50 வரிசைக்கு முன்பு எதுவும் அதை வன்பொருளில் விரிப்பதில்லை. ஆச்சரியம் என்னவென்றால், யாரும் மதிக்காத இன்டெல் சிபியுவின் உள்ளமை கிராபிக்ஸ் 11-ஆம் தலைமுறையிலிருந்தே எச்.265 4:2:2-ஐ விரிக்கிறது. ஆனால் சிபியு பெயரின் கடைசியில் 'எஃப்' என்று இருந்தால் (உதாரணமாக 12400எஃப்) அந்த உள்ளமை கிராபிக்ஸ் இருக்காது. சில நூறு ரூபாய் மிச்சம் என்று கடையில் அதைத்தான் தள்ளிவிடுவார்கள். உங்கள் கணினியில் என்ன சிபியு என்று முதலில் பாருங்கள். அதில் உள்ளமை கிராபிக்ஸ் இருந்து, பயாஸில் அணைத்து வைக்கப்பட்டிருந்தால், அதை இயக்கிவிட்டாலே வேலை முடிந்துவிடலாம். எதுவும் இல்லையென்றால் எடிட்டிங் மென்பொருளிலேயே சிறிய அளவு பிராக்சி கோப்புகளை (எடிட்டிங்குக்கு மட்டுமான நகல்களை) இரவில் ஓடவிட்டுத் தயாரித்துக்கொள்ளுங்கள். முகூர்த்த சீசனில் தூக்கம் கெடும், பணம் கெடாது.

லேப்டாப் வாங்குவதாக இருந்தால் பெயர்களைக் கவனியுங்கள். இன்டெலில் 'கோர் அல்ட்ரா' என்றால் ஏவி1 என்கோடிங்கும் உண்டு. 'அல்ட்ரா' இல்லாத கோர் 5 120யு, கோர் 7 150யு போன்றவற்றில் டீகோடிங் மட்டும்தான். ஏஎம்டியின் ரைசன் 7000 வரிசையில் மூன்றாவது எண்ணைப் பாருங்கள்: 7840யு புதிய கட்டமைப்பு, ஏவி1-ஐச் சுருக்கும். 7730யு பழைய சரக்கு, புதிய சட்டை. ஏவி1-ஐ விரிக்கக்கூடத் தெரியாது.

கேள்வி: கொடைக்கானல் பக்கம் பெருமாள்மலையில் ஹோம்ஸ்டே நடத்துகிறோம். எட்டு கேமரா, எச்.265 ரெக்கார்டர், ஒரு டிபி ஹார்டு டிஸ்க் வைத்தார்கள். முப்பது நாள் பதிவு இருக்கும் என்றார்கள். காட்டு மாடு வேலியை உடைத்த நாளைத் தேடினால், ஆறு நாளுக்கு முந்தைய எதுவும் இல்லை.

பதில்: கணக்குப் போடுவோம். கேமராவுக்கு 2 எம்பிபிஎஸ் என்றாலும் எட்டுக்கு 16 எம்பிபிஎஸ், மணிக்கு 7.2 ஜிபி, நாளுக்கு சுமார் 173 ஜிபி. ஒரு டிபி ஆறு நாளில் நிரம்பும். முப்பது நாளுக்கு ஐந்து டிபிக்கு மேல் வேண்டும். அசைவு இருந்தால் மட்டும் பதிவு என்ற அமைப்பை நம்பி முப்பது நாள் என்று சொல்லியிருப்பார்கள். சமவெளியில் அது நடக்கலாம். உங்கள் ஊரில் இரவு முழுவதும் கேமராவின் அகச்சிவப்பு விளக்கு மூடுபனியில் பட்டுத் திரும்பும்போது, கேமராவுக்கு எல்லாமே அசைவுதான். பனிக்கு நேராகப் பார்க்கும் கேமராக்களில் அசைவு உணர்வைக் குறைத்து, வாசலையும் வேலியையும் மட்டும் கட்டமிட்டுக் குறியுங்கள். கார் நிறுத்துமிடத்துக்கு நொடிக்கு 12 பிரேம் போதும். பிறகும் போதாவிட்டால் 6 டிபி டிஸ்க். ரெக்கார்டர் அதை ஏற்குமா என்று அதன் கையேட்டில் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

கேள்வி: செகண்ட் ஹேண்டில் ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6400 கார்டு மலிவாகக் கிடைக்கிறது. ஸ்கிரீன் ரெக்கார்டிங்குக்கு வாங்கலாமா? – கூடலூர்

பதில்: வேண்டாம். அதில் ஏவி1 மட்டுமல்ல, எச்.264-ஐச் சுருக்கும் பகுதிகூட இல்லை. என்விடியாவின் ஜிடி 1030-உம் அதே கதை.