நாற்பது பெயர்கள், இரண்டு லட்சம் ரூபாய்

கேள்வி: பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். வயது 31. சீட்டு எடுத்ததில் இரண்டு லட்சம் ரூபாய் கையில் இருக்கிறது. கூடப் படித்த நண்பன் 2022இல் வாங்கிவைத்த 40 டாட் ஈத் பெயர்களை (எதீரியம் என்ற கிரிப்டோ வலையில், வாலட் எனும் பணப்பையின் நீண்ட முகவரிக்குப் பதிலாக வைக்கும் பெயர்கள்), ஒன்று 5,000 வீதம் எனக்குத் தருகிறேன் என்கிறான். எல்லாமே அமெரிக்க அரசின் குழந்தைப் பெயர்ப் பட்டியலில் மேலே இருக்கும் பெயர்கள். "வருஷத்துக்கு இத்தனை ஆயிரம் குழந்தைகளுக்கு வைக்கிறார்கள், அத்தனை பேரும் நாளைக்கு வாங்க வருவார்கள்" என்று எக்செல் ஷீட் போட்டுக் காட்டுகிறான். வாங்கலாமா?
– பெயர் வேண்டாம், திருப்பூர்

பதில்: வாங்காதீர்கள். சீட்டு எடுத்த பணம் என்று எழுதியிருப்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மீதித் தவணைகள் உங்கள் தலைமேல் இருக்கின்றன. டாட் ஈத் பெயரும் ஒருமுறை வாங்கிப் பூட்டிவைக்கிற பொருள் இல்லை, அதற்கு ஆண்டு வாடகை உண்டு. ஐந்து எழுத்தும் அதற்கு மேலும் என்றால் 5 டாலர், நான்கு எழுத்துக்கு 160, மூன்று எழுத்துக்கு 640. எல்லாம் ஆங்கில எழுத்துக் கணக்கு. நாற்பதுமே மலிவு வகை என்று வைத்துக்கொண்டாலும் வருடத்துக்கு 200 டாலர் ஆகிறது. அதில் எம்மா, நோவா போல நான்கெழுத்துப் பெயர் ஒன்று இருந்தாலே 160 கூடும். புதுப்பிக்கும்போதும் பெயர் கைமாறும்போதும் எதீரியத்துக்குப் பரிவர்த்தனைக் கட்டணம் தனி. ஒரு பக்கம் சீட்டுத் தவணை, இன்னொரு பக்கம் வாடகை, நடுவில் வருமானமே தராத நாற்பது பெயர்கள். கணக்கு எழுதுகிறவர் நீங்கள், இதைப் பேரேட்டில் எந்தப் பக்கம் எழுதுவீர்கள்?

இனி அந்தப் பட்டியலுக்கு வருகிறேன். எனக்கு மிகவும் பிடித்த பட்டியல் அது. அமெரிக்க சமூகப் பாதுகாப்பு நிர்வாகம் வெளியிடுகிறது. 1880 முதல் பிறந்தவர்களின் பெயர்கள் ஆண்டுவாரியாக இருக்கின்றன. ஓர் ஆண்டில் ஐந்து குழந்தைகளுக்குக் குறைவாக வைத்த பெயரை, அந்தரங்கம் கருதி, விட்டுவிடுகிறார்கள். இதைத் தொடங்கிய கதை உங்கள் நண்பருக்குத் தெரிந்திருக்காது. மைக்கேல் ஷாக்கிள்ஃபோர்டு என்பவர் அந்த நிர்வாகத்தில் காப்பீட்டுக் கணிப்பாளராக இருந்தார். 1954 முதல் 1998 வரை, 1960 என்ற ஒரே ஆண்டைத் தவிர, ஆண் குழந்தைகளில் முதலிடம் மைக்கேலுக்குத்தான். எங்கே திரும்பினாலும் மைக்கேல். தன் குழந்தைக்காவது பரவலாக இல்லாத பெயராக வைக்க வேண்டும் என்று அலுவலகத் தரவிலிருந்து பெயர்களை எண்ணிப் பார்த்தார், 1997இல் அதைப் பொதுவில் வைத்தார். மலிந்துபோன பெயரிலிருந்து தப்பிக்கப் பிறந்த பட்டியல் அது. அதையே வைத்து விலை சொல்கிறார் உங்கள் நண்பர்.

பட்டியல் எண்ணுவது குழந்தைகளை. ஆண்களில் லியாம் 2017இல் முதலிடத்துக்கு வந்தது, பெண்களில் ஒலிவியா 2019இல் வந்தது. அந்த லியாம்கள் இன்னும் பள்ளிக்கூடத்தில் இருக்கிறார்கள். கிரிப்டோ வாலட் வைத்து, அதற்குப் பெயர் வாங்கும் வயது வேண்டும் என்றால் 1980களிலும் 90களிலும் பிறந்தவர்களைப் பார்க்க வேண்டும். ஜெனிஃபர் 1970 முதல் 1984 வரை தொடர்ந்து முதலிடத்தில் இருந்தது. ஜெசிக்கா, ஆஷ்லி அதற்கு அப்புறம். எல்லா ஆண்டையும் கூட்டிப் போட்டால் மேரி மேலே வந்துவிடும், ஆனால் மேரி 1946 வரை அசையாமல் முதலிடத்தில் இருந்த பெயர். அந்த மேரிகளில் பெரும்பாலோர் இன்று உயிரோடு இல்லை. நண்பரின் ஷீட்டில் எந்த ஆண்டுகளைக் கூட்டியிருக்கிறார் என்று பாருங்கள்.

இன்னொன்று, முதலிடம் என்பதே சுருங்கிவிட்டது. 1880இல் பிறந்த ஆண் குழந்தைகளில் நூற்றுக்கு எட்டுப் பேர் ஜான். இப்போது முதலிடத்தில் இருக்கும் பெயரே நூற்றுக்கு ஒன்றை ஒட்டித்தான் நிற்கிறது.

சரி, சரியான வயதில் ஆயிரக்கணக்கான ஜெனிஃபர்கள் இருக்கிறார்கள் என்றே வைத்துக்கொள்வோம். அவர்கள் ஏன் உங்களிடம் வர வேண்டும்? பெயருக்குப் பின்னால் ஓர் எழுத்தோ பிறந்த ஆண்டோ சேர்த்தால் 5 டாலரில் புதிதாகவே எடுத்துவிடலாம். அதைவிடப் பெரிய தயக்கம் ஒன்று உண்டு. எதீரியத்தில் எல்லாம் திறந்த புத்தகம். வாலட்டுக்குச் சொந்தப் பெயரைச் சூட்டினால், அதில் எவ்வளவு இருக்கிறது, எங்கே போனது என்று எதிர்வீட்டுக்காரர்கூடப் பார்க்கலாம். சம்பளச் சீட்டை வாசல் கதவில் ஒட்டுவது மாதிரி. அதனால் சொந்தப் பெயர் கிடைத்தாலும் புனைபெயர் போதும் என்பவர்கள் பலர். இணையதள முகவரியாகவும் அது அவ்வளவு உதவாது, சாதாரண உலாவியில் தட்டினால் திறக்காது. ஈத் என்பதன் ஆங்கில எழுத்துகளான ஈ.டி.எச் எத்தியோப்பியாவின் மூன்றெழுத்து நாட்டுக் குறியீடு, அப்படிப்பட்ட குறியீடுகளை, இணைய முகவரிகளை நிர்வகிக்கும் ஐகேன் அமைப்பு பொது முகவரியாகக் கொடுப்பதில்லை.

பெரிய விலைக்குப் போனவை எவை என்று பாருங்கள். 2021 அக்டோபரில் பாரடைம் டாட் ஈத் 420 ஈதருக்கும் (எதீரியத்தின் நாணயம்), 2022 ஜூலையில் மூன்று பூஜ்யம் டாட் ஈத் 300 ஈதருக்கும் போயின. ஒன்று ஒரு முதலீட்டு நிறுவனத்தின் பெயர், மற்றது எண். வாங்கியவருக்கு அந்த ஒன்றுதான் வேண்டியிருந்தது. இதே மாதிரி பெயர் பதியும் கிரிப்டோ வலைகளில் இதற்கெல்லாம் மூத்தது 2011இல் வந்த நேம்காயின். பிரின்ஸ்டன் ஆய்வாளர்கள் 2015இல் அதைத் துருவிப் பார்த்தபோது, பதிவான சுமார் 1,20,000 பெயர்களில் பதுக்காமல் உருப்படியாகப் பயன்பட்டவை வெறும் 28. மீதியை எடுத்துவைத்தவர்களும் யாராவது வருவார்கள் என்று நம்பித்தான் எடுத்திருப்பார்கள்.

வரியையும் சொல்லிவிடுகிறேன். நம் நாட்டில் இந்த மாதிரி மெய்நிகர்ச் சொத்தின் லாபத்துக்கு 30 சதவீதம் வரி. ஒன்றில் வந்த நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்க முடியாது. ஒரு பெயர் விற்று மற்றவை நஷ்டத்தில் போனாலும், விற்றதன் லாபத்துக்கு முழு வரி கட்ட வேண்டும்.

நண்பர் ஏமாற்றுகிறார் என்று நான் சொல்லவில்லை. 2022இல் அவரும் நம்பித்தான் வாங்கியிருப்பார், இப்போது வாடகை அவரை அழுத்துகிறது போலிருக்கிறது. அவரிடம் இரண்டு விஷயம் கேளுங்கள். நாற்பதும் என்றைக்குக் காலாவதியாகின்றன? இவற்றில் ஒரு பெயராவது வேண்டும் என்று இதுவரை யாராவது விலை கேட்டிருக்கிறார்களா? காலாவதி தேதியை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், அதை நீங்களே சரிபாருங்கள். தேதி தாண்டினால் 90 நாள் அவகாசம், அதற்குப் பிறகு பெயர் மறுபடி பொதுவுக்கு வரும். அப்போது கூடுதல் விலை 10 கோடி டாலரில் தொடங்கி 21 நாளில் பூஜ்யத்துக்கு இறங்கும். அந்த 21 நாளும் ஒரு பெயரை யாரும் தொடவில்லை என்றால் அதன் விலை வழக்கமான வாடகைதான், ஐந்து எழுத்தும் அதற்கு மேலும் என்றால் 5 டாலர்.

இந்த உலகம் எப்படி இயங்குகிறது என்று தெரிந்துகொள்ளும் ஆசை உங்களுக்கு இருந்தால், உங்கள் பெயரை மட்டும் ஓராண்டுக்கு எடுத்துப் பாருங்கள். தமிழ் எழுத்திலேயே எடுக்கலாம். குமரன் என்ற பெயர் நமக்கு நான்கெழுத்து. அங்கே உகரக் குறியும் புள்ளியும் தனித்தனியாகச் சேர்ந்து ஆறாகிவிடும், 5 டாலர் வாடகைக்குள் வந்துவிடும்.