பூனையை விரட்டத்தான் வேணுமா?

கேள்வி: எங்கட அண்ணாவுக்கு எச்ஐவி. மருந்து தொடங்கி கொஞ்ச நாள்தான், சிடி4 (நோயோட சண்டை பிடிக்கிற வெள்ளை அணுக்களின்ட கணக்கு) இப்ப 80. பூனையால மூளையில கிருமி வரும் எண்டு பக்கத்து வீட்டில சொல்ல, அம்மா ரெண்டு பூனையையும் மீன் மார்க்கெட்டில விடப்போறா. கிணத்துக்கு பிஎச்ஐ ஐயா (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) குளோரின் போட்டவர், அதால தண்ணி பயமில்லைதானே?
- வாசகி, உப்புவெளி

பதில்: பூனை பாவம், வீட்டிலயே இருக்கட்டும் தங்கச்சி. அம்மா பயப்பிடுறது டொக்ஸோபிளாஸ்மா எண்ட ஒட்டுண்ணிக்கு, அது பூனையின்ட மலத்தில வாறது உண்மைதான், ஆனா வெளிய வந்து ஒரு நாளாவது போனாத்தான் தொத்தும், அதால ஒவ்வொரு நாளும் அள்ளிப்போட்டா சரி, அள்ளுறது அண்ணாவா இருக்கக்கூடாது, வீட்டில ஆரும் பிள்ளைத்தாச்சி இருந்தா அவவும் கூடாது. பூனையை விட எனக்குப் பயம் அரைவேக்காட்டு இறைச்சியும் பச்சை வல்லாரைச் சம்பலும்தான், பூனை கிளறின மண் கீரையில ஒட்டியிருந்தா கண்ணுக்குத் தெரியாது. இப்போதைக்கு அவருக்கு வல்லாரையைச் சுண்டிக் குடுங்கோ.

கனபேருக்கு இது புதுசாத் தொத்துறதும் இல்ல. எப்பவோ உடம்புக்குள்ள வந்து சும்மா கிடந்தது, சிடி4 100க்குக் கீழ இறங்கேக்க எழும்புது. அதுக்குத்தான் கோட்ரைமோக்சசோல் குளிசை குடுக்கிறவை, அவருக்குத் தந்தவையோ எண்டு எஸ்டிடி (பாலியல் நோய்) கிளினிக்கில கேளுங்கோ, அந்தக் குளிசையில சல்ஃபா மருந்து இருக்கு, அது அவருக்கு ஒத்துவராட்டி அதையும் சொல்லுங்கோ. விடாத தலையிடி, ஒரு பக்கம் கை கால் இழுக்கிறது, வலிப்பு, இதில ஒண்டு வந்தாலும் கிளினிக் நாள் பாக்காம உடன பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கோ.

தண்ணி விசயத்திலதான் நீங்க பிழையா நினைச்சிட்டீங்க. குளோரின் கனக்கக் கிருமியைக் கொல்லும், கிறிப்டோஸ்போரிடியம் எண்ட வயித்தாலடி ஒட்டுண்ணிக்கு அது பத்தாது. 1993ல அமெரிக்காவில மில்வோக்கி நகரத்தில குழாய்த் தண்ணியால மட்டும் 4 லட்சம் பேருக்கு வயித்தாலடி வந்தது இதாலதான், அதுவும் சுத்திகரிச்ச தண்ணி. அண்ணா குடிக்கிறது, வாய் கொப்பளிக்கிறது எல்லாம் தளதளவெண்டு ஒரு நிமிசமாவது கொதிச்சு ஆறின தண்ணியா இருக்கட்டும். இந்தக் கிருமிக்கு இவ்வளவு குறைஞ்ச சிடி4ல நம்பிக் குடுக்கிற மருந்து இல்ல, எச்ஐவி மருந்தை விடாமப் போட்டு சிடி4 ஏறேக்கதான் அடங்கும். வயித்தாலடி ரெண்டு மூண்டு கிழமைக்கு மேல இழுத்தா மலத்தைச் சும்மா குடுத்திட்டு வராதேங்கோ, வழமையான டெஸ்ட்டில இது தப்பிடும், கிறிப்டோஸ்போரிடியத்தையும் பாக்கச் சொல்லி டொக்டரிட்ட எழுதுவிச்சுக்கொண்டு போங்கோ.