சுவரில் வரைகிற பையனுக்கு என்ன படிப்பு?

"பிளஸ் டூ முடிக்கப்போகிறான், எந்நேரமும் ஸ்பிரே டப்பாவும் கையுமாக இருக்கிறான், இது சோறு போடுமா சார்?" என்று கேட்டிருந்தீர்கள் அம்மா. உங்கள் கவலை நியாயமானது. ஆனால் அவனை அதட்டும் முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவருமாகச் சென்னைக் கண்ணகி நகருக்குப் போய்வாருங்கள். 2020-இல் அங்குள்ள குடியிருப்புச் சுவர்களில் தெருச்சுவர் ஓவியங்களுக்கான ஸ்டார்ட் இந்தியா (St+art India) அமைப்பு ஓவியர்களை அழைத்து வரைய வைத்தது. டெல்லி லோதி காலனியிலும் அதே அமைப்பின் வேலைதான். இந்திரா நகர் ரயில் நிலையச் சுவரில் மனித முகங்களைப் பெரிது பெரிதாக வரைந்த இருவரில், ஏ-கில் என்ற பெயரில் வரைபவர் நம் சென்னைக்காரர்.

அந்தச் சுவர்களுக்குப் பின்னால் இருக்கும் உழைப்பைப் பையனிடம் பேசுங்கள். பெயர்ந்த பூச்சைச் சுரண்டி, விரிசலுக்குப் பட்டி வைத்து, பிரைமர் அடித்து, கட்டம் போட்டு, அப்புறம்தான் ஓவியம். சாரத்தில் நின்று வரையும்போது கண் எதிரே இருப்பது வெறும் பழுப்புத் திட்டு. அது ஒரு முகத்தின் கண்ணாகத் தெரிய வேண்டுமென்றால் இறங்கி, சாலையைத் தாண்டி நின்று பார்க்க வேண்டும். மறுபடி ஏற வேண்டும். இதில் அலுக்காதவன்தான் நிலைப்பான்.

படிப்புக்கு, எழும்பூர் பக்கம் உள்ள அரசு கவின் கலைக் கல்லூரியையே முதலில் சொல்வேன். 1850-இல் தொடங்கியது. கும்பகோணத்திலும் அரசுக் கல்லூரி உண்டு. இளங்கலை நான்கு ஆண்டு. "பாதுகாப்புக்கு இன்ஜினியரிங் முடிக்கட்டும்" என்று தயவுசெய்து தள்ளாதீர்கள். கை பழகவேண்டிய நான்கு வருடமும் வீணாகிவிடும்.

வருமானம் மாதச் சம்பளம் மாதிரி வராது. பெரும்பாலும் சதுர அடிக் கணக்கு. மழைக்காலத்தில் வெளிச்சுவர் வேலை நின்றுபோகும். அதனால் புத்தக ஓவியம், அனிமேஷன், சினிமா செட் என்று இன்னொரு கையும் வேண்டும். கவின் கலைப் படிப்பு அதற்கும் வழி வைத்திருக்கிறது.

ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். யார் சுவர், யார் அனுமதி? பொது இடங்களை உருக்குலைப்பதைத் தடுக்க 1959-லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. ராத்திரியில் ஓடி ஓடி வரைகிற பழக்கம் இருந்தால் இப்போதே விடச் சொல்லுங்கள்.

இந்த விடுமுறையில் உங்கள் மொட்டைமாடிச் சுவரை அவனுக்குக் கொடுங்கள். அளவு, பெயின்ட் செலவு, எத்தனை நாள் ஆனது, எல்லாவற்றையும் நோட்டில் எழுதட்டும். வரைவதற்கு முன்னும் பின்னும் போட்டோ எடுத்து, நோட்டோடு அவனை என்னிடம் அழைத்து வாருங்கள்.