களி கிண்டி விருந்து வைக்கலாமா?

கேள்வி: அம்மா, எனக்குச் சொந்த ஊர் தேன்கனிக்கோட்டைப் பக்கம். ஓசூரில் கம்பெனி வேலை. ஒரே அறை, ஒற்றை அடுப்பு. கூட வேலை செய்யும் 4 பெண்களை ஞாயிற்றுக்கிழமை சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறேன். எனக்கு நன்றாக வருவது கேழ்வரகுக் களியும் குழம்பும்தான். "விருந்துக்குப் போய் யாராவது களி வைப்பார்களா? பிரியாணி வாங்கிவிடு" என்கிறாள் அக்கா. என்ன செய்யட்டும்?
— வாசகி, ஓசூர்

பதில்: களியே கிண்டு கண்ணு. மார்கழி பிறந்தாச்சு, சந்தையெல்லாம் அவரைக்காய் வாசம். இந்த மாதத்தில், ஊறவைத்த அவரைக்கொட்டையைத் தோல் பிதுக்கி வைக்கிற பிதுக்கம்பருப்புக் குழம்பை விட்டுவிட்டுப் பிரியாணியா?

ஒன்றே ஒன்று. அவர்கள் வருமுன் எல்லாவற்றையும் சமைத்து மூடி வைத்துவிடாதே. சனிக்கிழமை ராத்திரி அவரைக்கொட்டையை ஊறப்போடு, பிதுக்குகிற வேலையை அவர்களுக்கு வை. காலை 10 மணிக்கே வரச் சொல்.

நான் பாலக்கோட்டில் டீச்சராகச் சேர்ந்த புதிதில், என் வீட்டுத் திண்ணையில் 6 பேர் இப்படித்தான் உட்கார்ந்தோம். நடுவில் ஒரு தாம்பாளம். விரலால் அழுத்தினால் தோல் கையில் நிற்கும், பருப்பு துள்ளி விழும். பள்ளிக்கூடத்தில் வாயே திறக்காத ஒரு டீச்சர், அன்று குனிந்த தலை நிமிராமல் தன் அம்மா படுத்த படுக்கையாகக் கிடப்பதைச் சொன்னாள். நாங்களும் பிதுக்கிக்கொண்டே கேட்டோம். யாரும் யார் முகத்தையும் பார்க்க வேண்டியிருக்கவில்லை. அடுத்த வாரத்திலிருந்து அவள் வீட்டுக்கு முறை வைத்துப் போனோம். இன்றைக்கும் மார்கழி வந்தால் முதல் போன் அவளிடமிருந்துதான்.

ஒற்றை அடுப்பு போதும். முதலில் குழம்பு: பிதுக்கிய பருப்பை வேகவைத்து, தேங்காய், சின்ன வெங்காயம், பூண்டு, மல்லி, மிளகாய், கொஞ்சம் கசகசா அரைத்து ஊற்று. கத்தரிக்காய் 2 நறுக்கிப் போடு. இறக்கி மூடி வைத்தால் ஆற ஆற ருசி கூடும். களி அப்படியில்லை, ஆறினால் இறுகிவிடும். எல்லோரும் கை கழுவப் போகும் நேரத்துக்கு முடிகிற மாதிரி அதைக் கடைசியில் ஏற்று. 2 டம்ளர் கேழ்வரகு மாவுக்கு 5 டம்ளர் தண்ணீர், ஒரு கைப்பிடி அரிசி நொய். நொய் குழைந்ததும் மாவை நடுவில் கொட்டி, கிளறாமல், துடுப்புக் காம்பால் 4 துளை போட்டு மூடு. சிறு தீயில் 10 நிமிடம் வேகட்டும். அப்புறம் இறக்கி வைத்து, கட்டியில்லாமல் கிண்டு. பாத்திரத்தைப் பிடித்துக்கொள்ள ஒருத்தியைக் கூப்பிடு.

களி பழகாத பெண் இருந்தால் சின்ன உருண்டையாகப் போடு. மெல்லாமல் குழம்பில் தோய்த்து விழுங்கச் சொல்லிக் கொடு. அவளுக்காகக் கொஞ்சம் சோறும் இருக்கட்டும். அக்காவையும் கூப்பிடு!

கேள்வி: நண்பர்கள் வந்தால் சாமைச் சோறு போட ஆசை. ஒவ்வொரு முறையும் கூழாகிவிடுகிறது.
— வாசகர், அரூர்

பதில்: சித்தேரி மலைச் சாமை விளையும் ஊர்ப் பக்கம் இருந்துகொண்டு விட்டுவிடாதீர்கள், தம்பி. தண்ணீர்தான் கூடிப்போகிறது. 1 பங்குக்கு 2 பங்கு போதும். தண்ணீர் கொதித்த பிறகு சாமையைப் போடுங்கள். நீர் வற்றியதும் அணைத்து, 10 நிமிடம் மூடியைத் திறக்காதீர்கள். தொட்டுக்கொள்ளக் கொள்ளுத் துவையல் அரையுங்கள்.