பென்சிலில் எழுது

அன்புள்ள ஐயா,

சட்டக் கல்லூரியில் இறுதியாண்டு படிக்கிறேன். அறிவியல் வரலாற்றாசிரியர் தாமஸ் குன் 1962இல் அறிவியல் புரட்சிகளைப் பற்றி எழுதிய நூலை எங்கள் பேராசிரியர் அறிமுகப்படுத்தினார். அறிவியல் ஒரு சட்டகத்துக்குள் (paradigm) இயங்குகிறது, அதற்குள் அடங்காத முரண்கள் பெருகும்போது அது உடைந்து வேறொன்று வருகிறது என்கிறார் குன். ஒருவரின் சுதந்திரத்தைப் பறிக்கும் நடைமுறை நியாயமாக இருக்க வேண்டும் என்று சொன்ன 1978ஆம் ஆண்டின் மேனகா காந்தி வழக்கு நம் சட்டத்தில் அப்படியொரு சட்டக மாற்றம் என்று ஆய்வேடு எழுத நினைக்கிறேன். இந்தப் பொருத்தம் சரிதானா? தமிழில் படிக்க ஏதாவது உண்டா? வழக்கறிஞராவதா, மேலே படிப்பதா என்றும் குழப்பமாக இருக்கிறது.

ஆர்., திருச்சி

அன்புள்ள ஆர்.,

கடைசிக் கேள்வியை உங்கள் வீட்டில் கேளுங்கள். தமிழில் என்ன உண்டு என்பதை நூலகத்தில் ஒரு நாள் முழுக்கத் தேடிவிட்டுக் கேளுங்கள். தேடாமல் கேட்பவர்களுக்குப் பட்டியல் கொடுப்பதை நான் நிறுத்திப் பல வருடங்களாகிவிட்டன.

கடிதத்தைச் சுருக்கித்தான் வெளியிட்டிருக்கிறேன். முழுக் கடிதத்தில் ‘சட்டக மாற்றம்’ ஒன்பது இடங்களில் வருகிறது. குன் ‘சட்டகம்’ என்ற ஒரு சொல்லை 21 பொருள்களில் ஆண்டிருக்கிறார் என்று தத்துவ அறிஞர் மார்கரெட் மாஸ்டர்மேன் எண்ணிக் காட்டினார். அவர் குன்னை மதித்தவர். நீங்கள் எந்தப் பொருளில் சொல்கிறீர்கள் என்று ஓரிடத்திலும் சொல்லவில்லை. பேராசிரியர் சொன்னார் என்பது காரணமாகாது அம்மா.

இருந்தாலும் உங்கள் கடிதம் என்னை இரண்டு நாள் தூங்கவிடவில்லை. காரணம் வேறு. 1984இல் ஒரு மாவட்டத் தலைநகரில் மூத்த வழக்கறிஞர் ஒருவரிடம் ஜூனியராக இருந்தேன். சம்பளம் கிடையாது, மதியச் சாப்பாடு உண்டு. மாதாமாதம் வரும் சட்ட இதழ்களைப் படித்து, எந்தப் பழைய தீர்ப்பு மாற்றப்பட்டிருக்கிறது என்று கண்டுபிடித்து, அலமாரியில் இருக்கும் பழைய தொகுதியை எடுத்து அந்தப் பக்கத்தின் ஓரத்தில் குறிக்க வேண்டும். முதல் நாள் பேனாவைத் திறந்தேன். சீனியர் கையைப் பிடித்துக்கொண்டார். “பென்சிலில் எழுது. நாளைக்கு இதையும் மாற்றுவார்கள்.”

குன்னைப் பல வருடம் கழித்துப் படித்தபோது அந்தப் பென்சில்தான் ஞாபகம் வந்தது. அறிவியலில் ஒவ்வொரு புரட்சிக்குப் பிறகும் பாடநூலைத் திருத்தி எழுதிவிடுகிறார்கள், தோற்றவன் அதிலிருந்து காணாமல் போகிறான் என்கிறார் அவர். சட்டத்தில் தோற்றவனையும் ஜெயித்தவனையும் ஒரே அட்டைக்குள் வைத்துத் தைக்கிறார்கள். 1950இல் சென்னை மாநிலத்துக்கு எதிராக ஏ.கே.கோபாலன் தொடுத்த வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். விசாரணை இல்லாமல் தடுப்புக் காவலில் கிடந்த மனிதர். அடிப்படை உரிமைகள் ஒவ்வொன்றும் தனித்தனி அறை, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கதவு கிடையாது என்பது பெரும்பான்மை நீதிபதிகளின் கருத்து. பசல் அலி ஒருவர் அந்த அறைகளுக்கு நடுவே சுவரில்லை என்றார். அவருடைய மாறுபட்ட தீர்ப்பு அதே தொகுதியில் 20 ஆண்டுகள் கிடந்தது. 1970இல் வங்கிகள் தேசியமயமாக்கல் வழக்கில் அந்தப் பார்வைதான் வென்றது. உங்கள் மேனகா காந்தி வழக்கு அதற்கு எட்டு வருடம் பிந்தியது. வெடித்த இடத்தை விட்டுவிட்டு எதிரொலி கேட்ட இடத்தில் போய் நிற்கிறீர்கள்.

இன்னொன்று. 1543இல் கோப்பர்நிக்கஸ், ‘இன்று முதல் பூமி சூரியனைச் சுற்றும், நேற்றுவரை சூரியன் பூமியைச் சுற்றியது செல்லும்’ என்று எழுதியிருந்தால் எப்படி இருக்கும்? 1967இல் கோலக்நாத் வழக்கில் தலைமை நீதிபதி சுப்பா ராவ் ஏறக்குறைய அதைத்தான் செய்தார். அடிப்படை உரிமைகளைப் பறிக்கும் திருத்தத்தை இனிமேல் நாடாளுமன்றம் செய்யக் கூடாது, ஏற்கெனவே செய்தவை அப்படியே இருக்கட்டும் என்றார். யாரும் சிரிக்கவில்லை. நாடு முழுக்க நடந்த நிலச் சீர்திருத்தங்கள் அந்தத் திருத்தங்களை நம்பி நின்றன. இந்தச் சங்கடம் எந்தக் கோளுக்கும் இல்லை. இதைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை, அதுதான் எனக்குக் கோபம்.

பழைய கருத்துக்காரர்கள் செத்த பிறகுதான் புதிய உண்மை ஜெயிக்கிறது என்று மாக்ஸ் பிளாங்க் சொன்னதைக் குன் எடுத்தாள்கிறார். இங்கே அதற்கும் அவசியமிருக்கவில்லை. நெருக்கடி நிலையின்போது, 1976 ஏப்ரலில், காவலில் இருப்பவர் ஆட்கொணர்வு மனு போடவே முடியாது என்று ஜபல்பூர் வழக்கில் நான்கு நீதிபதிகள் சொன்னார்கள். எச்.ஆர்.கன்னா ஒருவர்தான் மறுத்தார். அவருக்கு வரவேண்டிய தலைமை நீதிபதி பதவி வரவில்லை. அந்த நால்வரில் ஒருவர் பகவதி. மேனகா காந்தி வழக்கின் முதன்மைத் தீர்ப்பை எழுதியவரும் அவரே. இடையில் இரண்டு வருடம்கூட ஆகவில்லை. நடுவில் ஒரு தேர்தல் வந்தது. இதற்குக் குன்னிடம் என்ன பெயர் இருக்கிறது?

அலுவலகத்தில் ஒருநாள் 1976ஆம் ஆண்டுத் தொகுதியை எடுத்து, ஜபல்பூர் தீர்ப்பின் ஓரத்தில் ‘இது சட்டமல்ல’ என்று எழுதப்போனேன். 1978இலேயே அரசியலமைப்பைத் திருத்தி, நெருக்கடி நிலையிலும் உயிர் வாழும் உரிமையை நிறுத்திவைக்க முடியாது என்று ஆக்கிவிட்டார்களே என்ற தைரியம். சீனியர் பென்சிலைப் பிடுங்கிக்கொண்டார். “எந்த நீதிமன்றம் மாற்றியது? காட்டு.” காட்ட முடியவில்லை. பிறகு தொகுதியைத் தன் பக்கம் திருப்பி, கன்னாவின் தீர்ப்பு தொடங்கும் பக்கத்தில் ஒரு வாழைநார்த் துண்டை வைத்து மூடினார். அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை.

2017 ஆகஸ்டில் அந்தரங்க உரிமை வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அமர்வு ஜபல்பூர் தீர்ப்பை மாற்றியது. அந்த நால்வரில் ஒருவரான ஒய்.வி.சந்திரசூட்டின் மகனே அதை மாற்றும் வரியை எழுதினார். அந்தரங்கம் அடிப்படை உரிமையல்ல என்று அரசுக்காக வாதாடிய வேணுகோபால், 1950இல் கோபாலனுக்காக வாதாடிய எம்.கே.நம்பியாரின் மகன். இதை நாவலில் எழுதினால் நம்பமாட்டீர்கள்.

செய்தியைப் படித்ததும் அந்த ஊருக்கு போன் செய்தேன். சீனியர் காலமாகி வெகுகாலம். தொகுதிகளை எல்லாம் பழைய பேப்பர் கடையில் எடைக்குப் போட்டுவிட்டதாக அவர் வீட்டில் சொன்னார்கள்.

உங்கள் கேள்வி என்ன? ஆம், பொருத்தம் சரியா என்று கேட்டிருந்தீர்கள். பாதி சரி. முதல் அத்தியாயத்தை அனுப்புங்கள், பார்க்கலாம்.